குதிரை வளர்த்தவருக்குப் பங்கு உண்டு, கொழுந்து பறித்தவருக்கு?



சித்திரை பிறந்துவிட்டால் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நுவரெலியா பஸ்ஸில் இடம் பிடிப்பது லேசான வேலையல்ல. கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என்று வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையில் கொழும்பு வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும். எல்லாரும் 'சீசன்' பார்க்கப் போகிறார்கள். மலர்க் கண்காட்சி, கார் ஓட்டம், அதற்கெல்லாம் மேலாகக் குதிரைப் பந்தயம். போகிற வழியில் வண்டியை நிறுத்தி, கூடையோடு நிற்கும் நம் அக்காமாரைப் படம் பிடித்துக்கொள்வார்கள். பிறகு பந்தயத் திடலுக்குப் போய்க் குதிரையைப் படம் பிடிப்பார்கள்.

யாருடைய சந்தோஷத்தையும் கெடுக்க நாம் வரவில்லை. ஆனால் இந்த வருடம் நமக்கு ஒரு சொல் மீது சந்தேகம் வந்திருக்கிறது. அந்தச் சொல் 'ஊக்கத்தொகை'. 2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்தபோது, தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்தி, அதற்கு மேல் அரசாங்கத்தின் பணத்திலிருந்து 200 ரூபா வருகை ஊக்கத்தொகையும் கொடுத்து, மொத்தம் 1,750 ரூபா ஆக்கப்போவதாக ஜனாதிபதி அறிவித்தார். கூடுகிற ஒவ்வொரு ரூபாவையும் நாம் வரவேற்கிறோம். அதைப் பெற்றுத் தந்தது நம்முடைய போராட்டம்தான், அதில் எமக்குச் சந்தேகமில்லை. ஆனால் சம்பளம் என்று கொடுக்க வேண்டியதை ஏன் ஊக்கத்தொகை என்று கொடுக்கிறார்கள்? இதே சொல்லை உலகத்தின் வேறு மூலைகளில் வேறு ஆட்களுக்கு எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால், நம்மை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

பந்தயக் குதிரை வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவருடைய பண்ணையில் பிறந்து வளர வேண்டும். நம் நாட்டில் ஓடும் குதிரைகளை இந்தியாவிலிருந்து வாங்கி வருகிறார்கள். பந்தயம் பெரிய வியாபாரமாக இருக்கும் நாடுகளிலோ, தங்கள் பிரதேசத்திலேயே குதிரை பிறக்க வேண்டும் என்பதற்காகப் பண்ணைக்காரருக்கு அரசாங்கமே காசு கொடுக்கிறது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் 1973இல் இதற்கென்று சட்டம் போட்டு ஒரு நிதியம் அமைத்தது. கென்டக்கி மாநிலத்தில் ஆண் குதிரையை இணை சேர்க்க வாங்கும் கட்டணத்துக்கு 6 சதவீத வரி உண்டு. அந்த வரிப் பணம் திறைசேரிக்குள் போய் மறைவதில்லை, ஊக்க நிதியாகப் பண்ணைக்காரரிடமே திரும்பி வருகிறது. சோப்புக்கும் செருப்புக்கும் பிஸ்கட்டுக்கும் 18 சதவீதம் வற் வரி கட்டுகிறோமே, அது லயத்துக்குத் திரும்பி வந்த வழியை யாராவது கண்டதுண்டா?

அயர்லாந்து இன்னும் மேலே போனது. 1969இல் அந்நாட்டு நிதியமைச்சர் சார்ள்ஸ் ஹோகி ஒரு சலுகை கொண்டுவந்தார். ஆண் குதிரையை வைத்துச் சம்பாதிக்கும் இணைசேர்ப்புக் கட்டணத்துக்கு வருமான வரியே கிடையாது. அமைச்சரும் பந்தயக் குதிரைகள் வைத்திருந்தவர்தான், அது வேறு கதை. ஐரோப்பிய ஆணைக்குழு கேள்வி கேட்ட பிறகு 2008இல்தான் அந்தச் சலுகை நின்றது. அதற்காகக் குதிரைக்காரர் பட்டினி கிடக்கவில்லை. 2024இல் மட்டும் அயர்லாந்து அரசு குதிரைப் பந்தயத் துறைக்கு 7 கோடி 60 இலட்சம் யூரோ ஒதுக்கியது. பரிசுப் பணம், பந்தயத் திடல், குதிரை வளர்ப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். யூரோ ஒன்றை 300 ரூபா என்று குறைத்துப் பிடித்தாலும் 2,280 கோடி ரூபா. நமக்கு அறிவித்த 200 ரூபா ஊக்கத்தொகைக்கு ஒரு வருடத்துக்கென்று ஒதுக்கியது 500 கோடி. அயர்லாந்து பணக்கார நாடு, நாம் கடனில் கிடக்கும் நாடு, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். தொகையை ஒப்பிட வேண்டாம். நாம் பார்க்கச் சொல்வது கொடுக்கிற முறையை.

குதிரைப் பண்ணைக்காரருக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை இப்படி வேலை செய்கிறது. அவர் குட்டியை ஒரு வயதிலேயே விற்றுவிடுகிறார். விலையும் வாங்கிவிடுகிறார். அந்தக் குட்டி இன்னொருவர் கையில் வளர்ந்து, மூன்று நான்கு வயதில் பந்தயத்தில் வென்றால், பரிசு குதிரையின் சொந்தக்காரருக்குப் போகிறது. அதோடு நிற்பதில்லை. 'இந்தக் குதிரையைப் பிறப்பித்து வளர்த்தவர் இன்னார்' என்று, எப்போதோ விற்றுவிட்ட அந்தப் பண்ணைக்காரருக்கும் ஒரு பங்கு தேடிப் போகிறது. கை மாறிய பொருள் பிற்பாடு சம்பாதித்தாலும், அதை உண்டாக்கியவருக்கு அதில் உரிமை உண்டு என்று சட்டமே ஏற்றுக்கொள்கிறது.

இதை அப்படியே தேயிலைக்குப் பொருத்திப் பாருங்கள். கொழுந்து நம் கையிலிருந்து மடுவத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து கொழும்பு ஏலத்துக்கு, ஏலத்திலிருந்து பெட்டியில் அடைபட்டு ரஷ்யாவுக்கும் ஈராக்குக்கும் துருக்கிக்கும். 2024இல் இந்த நாடு தேயிலையால் சம்பாதித்தது 140 கோடி டொலருக்கு மேல். கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் விலை ஏறுகிறது. தளிரைப் பறித்தவளுக்குப் பின்னால் தேடி வரும் பங்கு எவ்வளவு?

ஒரு காலத்தில் பெயரளவில் ஒன்று இருந்தது. 2013 கூட்டு ஒப்பந்தத்தில் 'விலைப்பங்கு' என்று நாளுக்கு 30 ரூபா. 2016இலும் அதே 30. 2019இல் அது 50 ஆனது. ஏலத்தில் விலை ஏறினாலும் இறங்கினாலும் அசையாத அந்த 30 ரூபாவைப் பங்கு என்று சொன்னதே ஒரு வேடிக்கை. என்றாலும் அந்தப் பெயருக்குள் ஒரு நியாயம் ஒளிந்திருந்தது, தேயிலை விலையில் தொழிலாளிக்கும் சொந்தம் உண்டு என்ற நியாயம். 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபா வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறின. விலைப்பங்கும் அதோடு போயிற்று. அது போனதை அன்று நாமும் பெரிதாகப் பேசவில்லை. 1,000 ரூபா வந்ததே பெரிது என்று இருந்துவிட்டோம். அது நம்முடைய தவறு.

பங்கு போன இடத்தில் இப்போது வந்து உட்கார்ந்திருப்பது வருகை ஊக்கம். இதுவும் பழைய சரக்குத்தான். 2016 ஒப்பந்தத்தின் 730 ரூபாவை நினைவிருக்கிறதா? அடிப்படைச் சம்பளம் 500. விலைப்பங்கு 30. மிச்சம் 200 ரூபா இரண்டு ஊக்கத்தொகைகள்: வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதம் வந்தால் 60, நோர்முக்கு மேல் பறித்தால் 140. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்று வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் 60 ரூபா ஒரு நாளுக்கல்ல, அந்த மாதம் முழுவதற்கும் போயிற்று. மழையில் கொழுந்து இல்லாமல் நோர்ம் வராவிட்டால் 140 போயிற்று. பேப்பரில் 730, சம்பளத் துண்டில் 530. போராடி 2019இல் அந்த இரண்டு ஊக்கத்தையும் எடுத்துவிட்டு அடிப்படைச் சம்பளத்தை 700 ஆக்கினோம். அன்று கதவு வழியாக வெளியே போன 200 ரூபா இன்று ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது.

இதில் இளம் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. இப்படிக் கொடுக்கும் ஊக்கத்தொகைக்குச் சேமலாப நிதி இல்லை. தொழில் தருனர் கட்ட வேண்டிய 12 சதவீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 சதவீதமும் அதற்குக் கிடையாது. நாளுக்கு 200 ரூபா, மாதம் 25 நாள் என்றால் 5,000 ரூபா. அதற்குரிய 15 சதவீதம் 750 ரூபா. வருடத்துக்கு 9,000 ரூபா உங்கள் கணக்கில் விழாமல் போகிறது. பணிக்கொடையும் அப்படித்தான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நாட்சம்பளக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். 30 வருடம் உழைத்தவருக்கு 420 நாள் சம்பளம். 1,350 ரூபா கணக்கில் பார்த்தாலே 567,000 ரூபா. அந்தக் கணக்கிலும் ஊக்கத்தொகை ஏறாது.

அந்த 567,000கூட நேரத்துக்குக் கைக்கு வருகிறதா? வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். கலஹா பக்கத் தோட்டமொன்றில் ஓய்வுபெற்ற ஓர் அம்மா, பி அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு நம் காரியாலயத்துக்கும் கண்டித் தொழில் அலுவலகத்துக்கும் நடந்த நடையை நாம் கண்டோம். பஸ் காசுக்கே கடன் வாங்கினார். கண்டி மாவட்டத்தில் அரசாங்கமே நடத்தும் தோட்டங்களில் இது ஒருவருடைய கதை அல்ல. சேமலாப நிதியும் பணிக்கொடையும் வருடக்கணக்காக நிலுவையில் கிடக்கின்றன என்பது பாராளுமன்றம்வரை பேசப்பட்ட விடயம். இருப்பதைக் கொடுக்காதவர்கள்தான் ஊக்கத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

மீண்டும் குதிரைக்கு வருவோம். நியூயோர்க்கில் அந்த ஊக்கத்தொகை கிடைப்பதற்கு ஓர் அடிப்படை நிபந்தனை உண்டு. குட்டி அந்த மாநில மண்ணில் பிறந்து பதிவாகியிருக்க வேண்டும். தகப்பன் குதிரை எந்த நாட்டது, பாட்டன் எந்தக் கப்பலில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பிறந்த மண்ணே அதன் உரிமை. இதை வாசித்தபோது எங்களுக்கு நம் தாத்தா பாட்டிமார் ஞாபகம்தான் வந்தது. இந்த மலையில் பிறந்து, இந்த மலையில் தொப்புள்கொடி புதைத்தவர்களை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரே நாளில் நாடற்றவர் ஆக்கியது. தகப்பனோ, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்குச் சாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு யார் பத்திரம் எழுதி வைத்தார்கள்? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்குப் போட்டது. மிச்சப் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தோம். லாயத்துக்கும் லயத்துக்கும் எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம். சட்டம் பார்த்த பார்வையில் வித்தியாசம் அதைவிடப் பெரிது.

அப்படி அனுப்பப்பட்டவர்களில் பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டின் நீலகிரிக்குப் போனார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கப்பட்டதுதான் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டம். நம் உறவுகள் பலர் இன்றும் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார்கள். அந்த மலையின் தலைநகர் ஊட்டி. அங்கேயும் வெள்ளைக்காரன் விட்டுப்போன பந்தயத் திடல் ஒன்று, ஊர் நடுவே, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். அங்கேயும் 'சீசன்'. 52 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தமானது, மெட்ராஸ் ரேஸ் கிளப் குத்தகைக்கு வைத்திருந்தது. குத்தகை 1978இல் முடிந்தது. முடிந்த பிறகும் குதிரை ஓடியது. குத்தகைப் பாக்கி 822 கோடி இந்திய ரூபா என்று சொல்லி, 2024 ஜூனில் தமிழ்நாடு அரசு நிலத்தைக் கையில் எடுத்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் சென்னை கிண்டியில் அதே கிளப்பின் 160 ஏக்கருக்கும் சீல் வைத்தது. அந்த நிலத்தை 1945இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தபோது வருட வாடகை 614 ரூபாவும் சில அணாவும். வாடகையை உயர்த்திக் கேட்டதற்குக் கொடுக்காமல் இழுத்து, பாக்கி 730 கோடிக்கு ஏறியது. கிளப் நீதிமன்றம் போனது. பணமுள்ளவர்கள் எங்கே இருந்தாலும் முதலில் போகுமிடம் அதுதானே. 2021இலும் 2024இலும் நம் சம்பள உயர்வை எதிர்த்துக் கம்பனிகளும் அங்கேதான் போயின.

சென்னையின் நடுவில் 160 ஏக்கருக்கு 614 ரூபா என்றால் சிரிப்பு வருகிறது. நம் கதையைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். 1992இல் தொடங்கித் தோட்டங்களை 53 வருடக் குத்தகைக்குக் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோது, ஒரு தோட்டத்துக்கு வருடத்துக்கு வைத்த பெயரளவு வாடகை 500 ரூபா. ஒரு முழுத் தோட்டம், அதன் ஆலை, பங்களா, லயம், தண்ணீர் ஊற்று எல்லாம் சேர்த்து. 1996 ஜூனில்தான் அதைக் கூட்டினார்கள். குதிரைக்காரருக்கு மட்டுமல்ல, தோட்டக்காரருக்கும் அரசாங்கம் எப்போதும் ஊக்கம் கொடுத்தே வந்திருக்கிறது. மலிவான நிலம், மீள்நடுகை மானியம், குறைந்த கூலி. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளும் குதிரை என்று நம் பெரியவர்கள் சொன்னது யாரைப் பார்த்து என்று இப்போது புரிகிறது.

நமக்கு நிலம் என்று வரும்போது மட்டும் பேச்சு பேர்ச்சில் வருகிறது. முதலில் ஏழு பேர்ச், பிறகு பத்து. கிண்டிப் பந்தயத் திடலைப் பத்துப் பேர்ச்சாகப் பிரித்தால் 2,573 குடும்பங்களுக்குக் காணும், ஊட்டித் திடல் 837 குடும்பங்களுக்கு. ஒரு கிளப்பின் பொழுதுபோக்குக்கு ஒதுங்கிய நிலத்தின் அளவு விளங்கட்டும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டங்களில் நம் கண்டியும் ஒன்று. மண் சரியும் இடம் என்று தெரிந்தும் எத்தனை லயங்களில் நம் சனம் இன்னும் படுத்துறங்குகிறது. அவர்களுக்குப் பாதுகாப்பான பத்துப் பேர்ச் கேட்டால் காணி இல்லை என்பார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுவோம். குதிரை வளர்ப்பால் கிராமத்தில் வேலை உண்டாகிறது, புல் வெட்டுபவன், லாடம் அடிப்பவன், லாயம் கூட்டுபவன் எல்லாம் பிழைக்கிறார்கள் என்பதுதான் ஊக்கத்தொகைக்காரர் சொல்லும் வாதம். அதில் உண்மை இருக்கிறது. கிரெகரி ஏரிக் கரையில் மட்டக்குதிரையில் பிள்ளைகளை ஏற்றிச் சம்பாதிக்கும் பொடியன்களை நாம் அறிவோம். அந்தக் காலத்தில் துரைமாருக்குச் சம்பளத்துக்கு மேல் 'குதிரைப்படி' கொடுக்கும் வழக்கம் இருந்தது. அந்தக் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, துரை தோட்டம் சுற்றும்போது பின்னாலேயே ஓடிய குதிரைக்காரனும் நம்மவன்தான். படி துரைக்கு, ஓட்டம் நமக்கு. குதிரை மீதும் நமக்குக் கோபம் இல்லை. ஒல்லாந்தர் காலத்திலிருந்து ஆங்கிலேயர் காலம்வரை அரசாங்கமே குதிரை வளர்த்த நெடுந்தீவில், லாயத்தின் கல் தூண்கள் நிற்கின்றன. அந்தக் குதிரைகளின் வம்சம் கோடையில் தண்ணீர் இல்லாமல் சாகிறது. காசு கொட்டும்வரைதான் குதிரைக்கும் மரியாதை.

ஆனால் வேலை உண்டாகிறது என்ற வாதம் எங்கே போய் முடிகிறது என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சூதாட்ட இயந்திரங்களின் வருமானத்தில் ஒரு பங்கு குதிரைப் பந்தய வளர்ச்சி நிதிக்குப் போகிறது. 2020 பெப்ரவரியில் ஆளுநர் டொம் வுல்ஃப் அதிலிருந்து 20 கோடி டொலர் அளவு எடுத்து அரச பல்கலைக்கழக மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுப்போம் என்றார். குதிரைக்காரர் கொதித்தெழுந்தார்கள். பிரேரணை நிறைவேறவில்லை. குதிரை வளர்ப்போர் எத்தனை பேர், மாணவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அங்கே எடுபடவில்லை. சங்கமாக நின்று சத்தம் போட்டவர்களுக்குக் காசு மிஞ்சியது.

ரேஸ் புக்கிக்குப் போகும் நம் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. பிரித்தானியாவில் பந்தய முகவர்களின் இலாபத்தில் 10 சதவீதத்தைத் தீர்வையாக வாங்கிப் பந்தயத்துக்கும் குதிரை வளர்ப்புக்கும் செலவழிக்கிறார்கள். குதிரைப் பண்ணை வாழ்வது பந்தயத்தில் தோற்றவன் காசில். சம்பள நாளில் கம்பளையிலும் கண்டியிலும் புக்கிக் கடை வாசலில் நிற்கும் கூட்டத்தில் நம் சங்கத்துக்காரரும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவள் வெயிலில் பறித்த 18 கிலோவின் பெறுமதி, முன்பின் கண்டிராத ஒரு குதிரையின் காலில் போகிறது. கம்பனியைக் கேள்வி கேட்கிற நாம் இதையும் கேட்கத்தான் வேண்டும்.

சரி, ஊக்கத்தொகை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் குதிரைப் பண்ணைக்காரருக்கு வைத்த அதே முறையில் எங்களுக்கும் வையுங்கள் என்கிறோம். கொழும்பு ஏலத்தில் தேயிலை விலை ஏறும்போது பறித்தவருக்கும் ஒரு பங்கு ஏற வேண்டும். முன்னைப்போல 30 ரூபாவிலேயே நிற்கும் பங்கு வேண்டாம், விலையோடு அசைகிற பங்கு வேண்டும். நாளொன்றுக்குக் கொடுக்கும் 200 ரூபா அடிப்படைச் சம்பளத்துக்குள் போக வேண்டும், சேமலாப நிதியும் பணிக்கொடையும் அதன் மேலும் கணக்கிடப்பட வேண்டும். பிள்ளைக்கு நோய், பிரசவம், மண்சரிவு எச்சரிக்கை என்று வராத நாளைக் காரணம் காட்டி அதை வெட்டக் கூடாது. அரைப்பேர் போடும் வழக்கம் தொடர்ந்தால் வருகைக்கு ஊக்கம் என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை, வந்த நாளைத்தானே அங்கே பாதியாக்குகிறார்கள்.

தோட்டத் தலைவர்களும் தலைவிமாரும் கடந்த ஆறு மாதச் சம்பளத் துண்டுகளைச் சேர்த்து வையுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அதற்கு மேல் என்ன பெயரில் எவ்வளவு, எந்த நாளுக்கு வெட்டினார்கள், சேமலாப நிதி எந்தத் தொகைக்குப் பிடித்தார்கள் என்று ஒவ்வொரு துண்டிலும் பாருங்கள். ஓய்வுபெற்றும் பணிக்கொடை வராதவர்களின் பெயர், வேலைக்குச் சேர்ந்த வருடம், பி அட்டையின் பிரதி ஆகியவற்றைத் தனியாக எடுங்கள். மே தினத்துக்கு முன் எல்லாம் கண்டிக் காரியாலயத்துக்கு வந்து சேர வேண்டும்.